தோல் தொழிலும் குடியானவன் கிணறும்

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய இரண்டு பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்த பதின்மூன்று கிராமங்களில் குடிநீருக்கும் பாசனத்திற்கும் உபயோகமாகி வந்த கிணறுகள் 467. அவற்றில் 350 கிணறுகளின் ஜலம் கெட்டுப் போய்விட்டதென்றும், ஸ்திரீகளும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்களென்றும் ஒரு தொண்டு ஸ்தாபனத்தார் கணக்கெடுத்துச் சொன்னார்கள். இதை மேடைப் பிரசங்கியின் மிகைப் பேச்சு என்று எவரும் தள்ளிவிட முடியாது. 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், நீதிபதிகளே எடுத்துக் குறித்திருக்கும் விஷயம் இது. நான்கு கிணறுகளுக்கு மூன்று கிணறுகள் கெட்டன என்று நாட்டின் தலைமை நீதி ஸ்தலத்தில் பதிவான பிறகு, ஏறக்குறைய முப்பது வருஷங்கள் கழிந்துவிட்டன. தீர்ப்பு வந்த வருஷத்தில் பிறந்த குழந்தை இன்று தானே குழந்தைகளைப் பெற்று, அவர்களுக்குக் குடிநீர் தேடும் வயதை அடைந்திருக்கிறது. ஆகவே, அந்தத் தீர்ப்பு யார் மேல் என்ன பொறுப்பைச் சுமத்தியது, அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் நிறைவேற வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி மகா ஜனங்கள் மறுபடியும் ஆலோசிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

நாம் தோல் தொழிலுக்கு விரோதிகள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறோம். தேசத்துக் கைத்தொழில்கள் ஒவ்வொன்றும் வளர வேண்டும் என்பதே இப்பத்திரிகையின் கொள்கை. நமது மாகாணத்துப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் லண்டன் சந்தையில் தனக்கென ஒரு பெயருடன் விலை போயிற்று. திண்டுக்கல்லும், ஆம்பூரும், வாணியம்பாடியும், ராணிப்பேட்டையும் அந்தப் பெயரைச் சம்பாதித்த ஊர்களாகும். திண்டுக்கல்லைச் சுற்றி மதுரைச் சாலையிலும், வத்தலக்குண்டுச் சாலையிலும், பொன்மாந்துறைப் பக்கத்திலும் ஜனங்கள் ‘தோல் ஷாப்பு’ என்று அழைக்கும் சாலைகள் பல தலைமுறைகளாக நடந்து வருகின்றன. சமூகம் கடைசிப் படியில் நிறுத்தி வைத்த ஏழைத் தொழிலாளிகள் எத்தனையோ பேர் அவற்றில் கூலி பெற்றுப் பிழைத்து வந்திருக்கிறார்கள். இத்தகைய தொழிலை ஒரே நாளில் பூட்டிவிடு என்று சொல்வது சுலபம், அது நியாயமாகாது. ஆனால் ஒரு சுதேசித் தொழில், பக்கத்திலுள்ள சுதேசிக் குடியானவனின் கிணற்றை அழித்துத்தான் நடக்க வேண்டும் என்றால், அதைச் சுதேசியம் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் தொழில் ஆதியில் இவ்வளவு கெடுதல் செய்யவில்லை. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊற வைத்த சாற்றிலேயே நமது முன்னோர் தோலைப் பதனிட்டனர். துர்நாற்றம் இருந்தது, சுண்ணாம்புக் கழிவும் இருந்தது. எனினும், கழிவின் பெரும்பகுதி மரப்பட்டையின் சாறாகவே இருந்தது. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னையில் பரீட்சித்துப் பார்த்தார். ஆனால், அது எங்கும் பரவியதற்கு முக்கியமான காரணம் நமது சர்க்காரின் வியாபாரக் கொள்கையே. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் முடித்த தோலையும் செருப்பு முதலிய சாமான்களையும் அனுப்ப வேண்டும் என்று 1972-ம் வருஷத்துச் சீதாராமையா கமிட்டி யோசனை கூறிற்று. சர்க்காரும் அதைத் தழுவி நடந்தது. தேசத்திற்கு அதிக வருமானமும் அதிக வேலையும் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் தவறு என்று நாம் சொல்லவில்லை. 1996-ம் வருஷத் தீர்ப்பின்படி, தேசத்திலிருந்து ஏற்றுமதியாகும் முடித்த தோலில் சுமார் நூற்றுக்கு எண்பது பங்கு தமிழ்நாட்டினுடையது. ஆனால் இந்த வருமானத்தோடு கூடவே வரும் கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு, அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் விடை எழுதவில்லை. விடையைக் குடியானவனின் கிணறு எழுதிற்று.

கழிவு எப்படிக் கிணற்றுக்கு வருகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் இருப்பதற்காக, அதன் எடையில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ சமையல் உப்பைத் தடவி ஷாப்புக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் வேலை, அந்தத் தோலை நீரில் ஊறப்போட்டு உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் கந்தகச் சேர்க்கையான ஸல்பைடும் சேர்ந்த தொட்டியில் போட்டு மயிரை நீக்குகிறார்கள். அப்புறம் அமிலம், குரோமியம், எண்ணெய், சாயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனப் பொருள்கள் உபயோகமாகின்றன என்றும், ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் ஜலம் செலவாகிறது என்றும் அந்தத் தீர்ப்பு கூறுகிறது. அதாவது, ஒரு டன் தோலுக்கு முப்பத்தையாயிரம் லிட்டர். குரோமியத்திலும் முழுவதும் தோலில் பிடிப்பதில்லை. சாதாரண முறையில் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு மட்டுமே பிடிக்கிறது. மிச்சம் கழிவோடு வெளியேறுகிறது.

இந்தக் கழிவு விழும் நிலம் எப்படிப்பட்டது? கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத் தொடர், நடுவே கோட்டையைத் தலையில் தாங்கிய பாறை, இதுவே திண்டுக்கல். இச்சமவெளியின் அடியிலும் கெட்டியான பாறைதான். பாறையின் மேல் சிதைந்த மண்ணிலும், பாறை வெடிப்புக்களிலும் தங்கும் கொஞ்ச நீரே இங்குள்ள கிணற்று நீர். கொடகனாறோ வருஷம் முழுவதும் ஓடும் நதி அன்று. மழைக்கு ஓடி வடக்கே சென்று அமராவதியில் கலக்கும் காட்டாறு. கழிவை அடித்துக்கொண்டு போகவோ, கலந்து நீர்த்துவிடவோ வேண்டிய வெள்ளம் அதில் இல்லை. ஆகையால், வாய்க்காலிலும் குளத்திலும் விடப்பட்ட உப்பு நீர் அங்கேயே நின்று, வற்றி, மண்ணில் இறங்கி, பாறை வெடிப்பின் வழியாகக் கிணற்றை அடைகிறது. ஒரு தரம் இறங்கிய உப்பு சீக்கிரத்தில் வெளியேறாது. இன்றே ஒரு சொட்டுக் கழிவும் விழாமல் நிறுத்திவிட்டாலும், பல வருஷத்து மழை பெய்து கழுவினால்தான் கிணறு தெளியும். ஆலையைச் சீக்கிரம் பூட்டவும் திறக்கவும் மனிதனால் முடியும். ஊற்றை அப்படிச் செய்ய முடியாது. தாமதத்தினால் வரும் நஷ்டம் மற்ற நஷ்டங்களைப் போன்றதல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்துள்ள உப்புக்கள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் விதி. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உப்பு மிகவும் மிகுந்த நீரை மாடும் விரும்பிக் குடிக்காது. நிலத்தில் பாய்ச்சினாலோ, மண் இறுகி, வேர் நீரை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். வேலூரிலுள்ள தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் அறிவித்தபடி, தோல் ஷாப்புக்கள் நிறைந்த பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், அதாவது சுமார் 86,000 ஏக்கர் நிலம், சாகுபடிக்குப் பாதியோ முழுவதுமோ உதவாமல் போயிற்று. இதுவும் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

சட்டம் இல்லாமையினால் இந்த நிலைமை ஏற்பட்டதா? இல்லை. ஜலம் கெடாமல் தடுக்கும் சட்டம் 1974-ல் வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. ஆறு, ஏரி முதலிய நீர் நிலைகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த அசுத்தம் விளைவிக்கும் ஆலைகளைப் புதிதாக வைக்கக் கூடாதென்று தமிழ்நாடு சர்க்கார் 1989-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி உத்தரவு பிறப்பித்தது. இவை காகிதத்தில் இருந்தன. கழிவு வாய்க்காலில் இருந்தது. அதனால்தான் 1991-ல் வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தனர். கனம் குல்தீப் சிங் தலைமையில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கற்பட்டு ஆகிய ஐந்து ஜில்லாக்களில் 900-க்கு மேற்பட்ட தோல் ஷாப்புக்களைப் பற்றியது அந்த வழக்கு.

அந்தத் தீர்ப்பு இரண்டு தத்துவங்களைத் தேசத்துச் சட்டத்தின் பகுதியாகவே அங்கீகரித்தது. கெடுதல் நேருமென்று அஞ்சக் காரணமிருந்தால், பூரண ருஜுவுக்காகக் காத்திராமல் முன்னெச்சரிக்கையாக அதைத் தடுக்க வேண்டும். தன் தொழிலால் கெடுதல் இல்லையென்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துபவனுடையது. இது முதலாவது. அசுத்தம் செய்தவனே, நஷ்டமடைந்தவனுக்கு ஈடு கொடுப்பதோடு, கெட்ட மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்க வேண்டும். இது இரண்டாவது. ஒவ்வொரு ஷாப்புக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, அதைச் சுற்றுச்சூழல் நிதியில் சேர்க்கும்படி உத்தரவாயிற்று. நஷ்டஈட்டை நிர்ணயிக்க ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் ஓர் அதிகார ஸ்தாபனமும் ஏற்பட்டது. தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது என்பதையும், ஜனங்களுக்கு வேலை தருகிறது என்பதையும் நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால், அதன் பேரால் சுற்றுச்சூழலை அழிக்கவும் ஜனங்களின் ஆரோக்கியத்தைக் கெடுக்கவும் அதற்கு உரிமையில்லை என்று தெளிவாகக் கூறினார்கள்.

தீர்ப்புக்குப் பின் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயமாகும். திண்டுக்கல் உட்படப் பல ஊர்களில் தோல் முதலாளிகள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தார்கள், சர்க்காரும் உதவிற்று. ஆயினும், ஒரு விஷயத்தை ஜனங்களிடம் மறைக்கக் கூடாது. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அழுகும் பொருளை நீக்கும்; குரோமியத்தைச் சேறாகப் படியவைக்கும்; நாற்றத்தையும் நிறத்தையும் குறைக்கும். கரைந்திருக்கும் உப்பை அது நீக்குவதில்லை. பளிங்கு போல் தெளிவாக வெளிவரும் நீரும் கிணற்றைக் கெடுக்கும் உப்பு நீராகவே இருக்கக் கூடும். உப்பைப் பிரிக்க வேண்டுமானால், நீரை மெல்லிய சவ்வின் வழியாக அழுத்தத்தோடு செலுத்தி, மிஞ்சும் கெட்டி உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் விறகும் பணமும் ஏராளமாக வேண்டும். அப்படிப் பிரித்த கலப்பு உப்பையும் வாங்குவார் இல்லை. கொட்டகையில் மூட்டையாக அடுக்கிக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. சேற்றைக் காப்பதில் ஏற்படும் அலக்ஷியத்துக்கு என்ன விலை என்பதை ராணிப்பேட்டை காட்டிவிட்டது. 2015-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி அங்குள்ள ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்தது. இரவில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளிகள் உள்படப் பத்துப் பேர் மாண்டார்கள். கிணற்றைக் காக்க ஏற்பட்ட ஸ்தாபனமே கூலிக்காரனுக்குச் சமாதியாயிற்று.

“இவ்வளவு செலவையும் எங்கள் தலையில் போட்டால் தொழில் பிழைக்காது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நிற்கும்” என்பது முதலாளிகளின் முறையீடு. இதை அலக்ஷியம் செய்ய நாம் தயாராயில்லை. சிறு ஷாப்புக்காரரின் கஷ்டம் மெய்யானதே. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். இத்தனை வருஷமும் இந்தச் செலவு இல்லாமலா இருந்தது? இருந்தது, கணக்குப் புஸ்தகத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். கிணறு கெட்டவன் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணம், தென்னை பட்டுப்போனவன் இழந்த வருமானம், குடம் சுமந்து நடந்த பெண்ணின் பாதி நாள் கூலி ஆகிய இவையெல்லாம் தோலின் அடக்க விலையே. அதை ஷாப்புக்காரர் கொடுக்கவில்லை. சரக்கை வாங்கிய அயல்நாட்டு வியாபாரியும் கொடுக்கவில்லை. வழக்கில் எந்தப் பங்கும் லாபத்தில் எந்தப் பங்கும் இல்லாத கிராமத்தான் கொடுத்தான். பிறர் முதலைத் தின்று கொண்டு லாபம் காட்டும் வியாபாரத்தை எந்தத் தணிக்கைக்காரரும் நல்ல வியாபாரம் என்று கையெழுத்திடமாட்டார்.

அயல்நாட்டு வியாபாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐரோப்பிய தேசங்கள் தங்கள் நதிகளைக் காப்பதற்காகச் சட்டங்களைக் கடுமையாக்கிய காலத்தில், தோலை ஊறவைப்பதும் பதனிடுவதுமான அசுத்த வேலை அங்கே குறைந்து, ஆசியாவுக்கு அதிகமாக வந்து சேர்ந்தது. அவர்களுக்கு மெருகிட்ட செருப்புப் போகிறது. உப்பும் குரோமியச் சேறும் நம்மிடம் தங்குகின்றன. அந்நியர் ஆட்சியில் நமது கச்சாப் பொருள் கப்பலேறியதற்கு வருந்தினோம். இன்று, நமது சம்மதத்தோடு, நமது ஊற்று நீரே தோலின் உருவத்தில் கப்பலேறுகிறது. இதற்குரிய விலையை வாங்குபவனிடம் கேட்க நமது ஏற்றுமதி வியாபாரிகள் கூச வேண்டியதில்லை. தனித்தனியே கேட்டால் அவன் அடுத்த கடைக்குப் போவான். சர்க்காரும் வியாபாரிகளும் ஒன்றுபட்டு நின்றால் கேட்பது சாத்தியம்.

செலவை ஏற்றால் தொழில் அழியும் என்பதற்கு அனுபவம் சாக்ஷி சொல்கிறதா? திருப்பூரைப் பாருங்கள். நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காக 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாகி, அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசனக்காரர்களே மன்றாடும் விபரீதம் நேர்ந்தது. 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஊர் நடுங்கிற்று, வேலையிழந்து ஜனங்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. அப்புறம் சர்க்கார் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, நீரைத் திரும்ப உபயோகிக்கும் நிலையங்கள் எழுந்தன, வியாபாரமும் மீண்டது. குறைகள் இன்னும் உண்டு. ஆனாலும் இரண்டு பாடங்கள் தெளிவு: கழிவு நீரை வெளியில் விடாமலே தொழில் நடத்த முடியும், பத்து வருஷம் முன்னதாகச் செய்திருந்தால் தொழிலாளிக்கு அந்தத் துன்பம் நேர்ந்திராது.

தாமதத்தைப் பற்றி வக்கீல் தொழிலில் பழகிய எமக்கு ஓர் அனுபவம் உண்டு. தவறு செய்த பிரதிவாதிக்குக் காலத்தைப் போன்ற நல்ல வக்கீல் கிடையாது. ராஜஸ்தானத்தில் பிச்ரி என்ற கிராமத்துக் கிணறுகளை ரசாயன ஆலைகள் கெடுத்த வழக்கில், ஆலைக்காரரே பரிகாரச் செலவைக் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மனுவின்மேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்த பின், 2011-ல் அதே கோர்ட்டு கூட்டு வட்டியோடு செலுத்தும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. நமது பாலாற்றுப் பிரதேசத்திலும் இதுவே கதி. வேலூர் ஜில்லாவைப் பற்றி 2025-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்புக் கூறிற்று. கொடுபடாத நஷ்டஈட்டைச் சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு, அசுத்தம் செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். கெடுதல் நீங்கும் வரையில் அவர்களுடைய பொறுப்பும் நீங்காது என்பது அதன் சாரம். வேலூர்க் குடியானவனுக்கு ஒரு நியாயம், திண்டுக்கல் குடியானவனுக்கு வேறொரு நியாயம் இருக்க முடியாது. இந்தத் தத்துவம் கொடகனாற்றுக் கரைக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கோருவது இது. முதலாவதாக, 1996-ல் கெட்டதாகக் குறிக்கப்பட்ட கிணறுகளை ஒவ்வொன்றாகப் பரீட்சித்து, மழைக்கு முன்னும் பின்னுமாக வருஷம் இருமுறை, உப்பும் குரோமியமும் எவ்வளவு என்பதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். தன் கிணற்றின் நிலையை அறிய எந்தக் குடியானவனும் மனுப்போட்டுக் காத்திருக்கலாகாது. இரண்டாவதாக, கிணறு தெளியும் வரையில் அக்கிராமங்களுக்குக் குழாய் மூலம் நல்ல குடிநீர் தடையின்றிக் கிடைக்கச் செய்து, செலவை அசுத்தம் செய்தவர் கணக்கில் பற்றெழுத வேண்டும். மூன்றாவதாக, உப்பைத் தொட்டியில் கரையவிட்ட பின் பிரிக்கப் போராடுவதை விட, தோல் ஷாப்புக்கு வந்தவுடன் ஊறப்போடுமுன் உதறித் தட்டி எடுத்து விடுவது எவ்வளவோ மேல். ஊறவைத்த முதல் நீரையும் மற்றக் கழிவோடு கலக்காமல் தனியே வாங்கி வற்றவைக்க வேண்டும். நான்காவதாக, குரோமியத்தை மீட்டு மறுபடி உபயோகிக்கவும், ஜலமின்றியே குரோம் பதனிடவும் சென்னையில் 1948-ல் ஏற்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் முறைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. அவற்றைச் சிறு ஷாப்புக்காரரும் கைக்கொள்ளச் சர்க்கார் வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டும். ஐந்தாவதாக, எந்த ஷாப்பையாவது மூட நேர்ந்தால், அந்நாளிலிருந்து அதன் தொழிலாளிக்குச் சம்பளம் உறுதியாக வேண்டும். முதலாளி செய்த குற்றத்திற்குக் கூலிக்காரன் பட்டினி கிடப்பது தண்டனை அன்று, இன்னொரு குற்றம்.

இவற்றில் புதிய சட்டம் இயற்ற வேண்டியது ஒன்றுமில்லை. நடத்தும் உறுதி ஒன்றே வேண்டும். அதிகாரிகள் பகலில் மட்டும் பார்வையிட்டுத் திரும்பாமல், மழை பெய்யும் இரவில் வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோல் முதலாளிகளில் நியாயமாக நடப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் செலவு செய்து சுத்திகரிக்கும் போது, அடுத்த ஷாப்புக்காரர் இரகசியக் குழாய் வைத்து மலிவாக விற்றால், நல்லவருக்கே நஷ்டம். கண்டிப்பு அவர்களுக்குத்தான் முதல் உதவி. கிராமத்தாரும், தேர்தல் சமயத்தில் குடிநீர் லாரியை வாங்கிக்கொண்டு திருப்தியடையாமல், கிணற்றுக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிறுமலையில் பெய்யும் மழை இன்றும் இச்சமவெளிக்குத்தான் இறங்கி வருகிறது. அதைச் சுத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளப் பூமி தயாராயிருக்கிறதா என்பதே கேள்வி. 467 கிணறுகளில் 350 கெட்டன என்று நமக்குத் தெரியும். அந்த 350-ல் எத்தனை மீண்டன என்று அடுத்த மழைக்காலத்திற்குள் ஜில்லா அதிகாரிகள் ஜனங்களுக்கு அறிவிக்கட்டும். அந்த எண்ணை நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிடைத்தவுடன், அது எதுவாயினும், இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.